நீலாஞ்சனா அம்மாவின் இடது கால்

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். முப்பது வருடமாகச் செஞ்சியில் ஸ்பேனர் பிடிப்பவன் என்ற திமிர், இன்ஜினைத் திறந்து பார்க்காமலே தீர்ப்புச் சொல்ல வைத்துவிட்டது.

விருஷபதாஸ் கடலை வியாபாரி. அவருடைய பழைய அம்பாசிடரை ஓட்டுவது என்னவோ அவர் மனைவி நீலாஞ்சனாதான். நாற்பத்து நான்கு வயதில் ஓட்டக் கற்றுக்கொண்டவர். செக்கு எண்ணெய் டின்களை ஏற்றிக்கொண்டு வல்லம் வரைக்கும் கடை கடையாகப் போட்டுவிட்டு, பொழுது சாய்வதற்குள் வீடு திரும்பிவிடுவார். ஜைனர் வீடு, விளக்கு வைத்த பிறகு சாப்பாடு கிடையாது.

மாசியில் அந்த இன்ஜினை முழுதாகப் பிரித்து வேலை பார்த்தவன் நான்தான். ஆனியில் வண்டி திரும்ப வந்தது. கிளட்சை மிதித்தால் இன்ஜின் முக்கி முனகி நின்றுபோகிறதாம். நீலாஞ்சனா அம்மாவை மிதிக்கச் சொல்லிவிட்டு, முன்னால் குனிந்து பார்த்தேன். மிதிக்கும்போதெல்லாம் இன்ஜின் முகப்பில் பெல்ட் ஓடும் புல்லி முன்னுக்கு வந்து வந்து போனது. இன்ஜினுக்குள் சுழலும் கிராங்க் தண்டு முன்னும் பின்னும் நகராமல் தாங்குகிற வாஷர் தேய்ந்துபோனால் இப்படித்தான் ஆகும்.

"த்ரஸ்ட் வாஷர் காலி சார். அம்மா கிளட்ச் மேல கால வச்சிக்கினே ஓட்றாங்க, அதான்" என்றேன்.

"நான் வக்கிறதில்லண்ணே" என்றார் அம்மா.

"உங்களுக்குத் தெரியாதும்மா. கால் தானா போயி உக்காந்துக்கும்."

விருஷபதாஸ் அப்போதே அம்மா கையிலிருந்து சாவியை வாங்கிக்கொண்டார். கடலை வரத்து முடியட்டும், அப்புறம் பிரிக்கலாம் என்றார். அதன் பிறகு அம்மா டின்னோடு ஷேர் ஆட்டோவுக்கு நிற்பதை இரண்டு மூன்று முறை பார்த்தேன். வல்லத்துக்குப் போவதையே நிறுத்திவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

ஆவணியில்தான் வண்டிக்கு அடியில் படுத்து, இன்ஜின் எண்ணெய் தேங்கும் ஆயில் சம்பைக் கழற்றினேன். வாஷர்களை எடுத்து டீசலில் கழுவினேன். அரை வட்டமாக, தகடு மாதிரி இருக்கும். ஒரு பக்கம் எண்ணெய் ஓடக் காடி வெட்டியிருப்பார்கள். அந்தப் பக்கம்தான் கிராங்க்கைப் பார்த்து இருக்க வேண்டும். மறுபக்கம் வெறும் இரும்பு. இங்கே காடி புதுசு போல இருந்தது. இரும்புப் பக்கம்தான் உராய்ந்து கோடு கோடாகக் கிழிந்திருந்தது.

திருப்பி மாட்டியிருக்கிறேன்! டாக்டர் கண்ணாடி எழுதிக் கொடுத்து இரண்டு வருடம் ஆகிறது. ஷெட்டில் போட்டுக்கொண்டால் கிழவன் என்று வண்டிக்காரர்கள் வேறு இடம் பார்த்துவிடுவார்கள் என்று பயம். விரலால் தடவியே மாட்டியிருக்கிறேன். கிரீஸ் பூசிய வாஷரில் காடி விரலுக்குத் தட்டுப்படவில்லை.

புதுசைப் போட்டுவிட்டுப் பழையதைக் குப்பையில் எறிந்தால் ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது. அந்த அம்மா டின்னோடு ரோட்டில் நின்றதுதான் கண்ணுக்குள்ளேயே இருந்தது. அவ்வளவு வெட்கமாக இருந்தது. போன் போட்டு இருவரையும் வரச் சொன்னேன்.

வாஷரை உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன். "தப்பு என்னுதும்மா. நான்தான் திருப்பி மாட்டிட்டேன். உங்க கால் மேல ஒரு தப்பும் இல்ல."

விருஷபதாஸ் சிரித்துக்கொண்டே என் தோளில் தட்டினார். "ஆனைக்கும் அடி சறுக்கும். வுடு பீமாராவ், சரி பண்ணிக் குடு."

எனக்குப் போன உயிர் வந்தது. அம்மா வாஷரை வாங்கிப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"ரெண்டு மாசமா கனவுல கூட கிளட்ச்லேர்ந்து கால எடுத்து எடுத்து வச்சிக்கினு இருந்தேன்" என்றார். குரல் உயரவில்லை. கணவர் பக்கம் திரும்பினார். "அவருக்குச் சறுக்குனா பழமொழி சொல்றீங்க. எனக்கு மட்டும் இன்னாத்துக்கு சாவியப் புடுங்கினீங்க?"

விருஷபதாஸ் என்னைப் பார்த்தார். நான் ஆயில் சம்பைப் பார்த்தேன்.

வண்டி தயாரானதும் அம்மா மட்டும் வந்தார். கிளட்சை நான்கு முறை மிதித்துப் பார்த்தார். இன்ஜின் முனகாமல் ஓடிக்கொண்டிருந்தது.

"சார் வரலையாம்மா?"

"சிங்கவரத்துல கடலை எடை போடறாரு. வந்து கூட்டிக்கினு போன்னு போன் பண்ணாரு."

"இப்ப அங்கதான் போறீங்களா?"

"நான் வல்லம் போறேன்" என்று கியரைப் போட்டார். "அவரை பஸ்ல வரச் சொல்லிட்டேன்."