இல்லற அலமாரியில் ஒரு மெஷின் புத்தகம்

தையல் மெஷின் மெக்கானிக் தன் வாழ்நாளில் எழுதியது ஒரே ஒரு புத்தகம். 'தையல் மெஷின் பழுது பார்ப்பது எப்படி' என்று தலைப்பு. நூலகத்தில் அதை வாங்கிவிட்டார்கள் என்று தெரிந்ததும் மனைவியைக் கையோடு அழைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அந்த அம்மாள் அதைப் புரட்டிக்கூடப் பார்த்ததில்லை. "உங்க கண்ணுக்கு மெஷினைத் தவிர வேற என்ன தெரியும்? நான் ஒருத்தி இருக்கறதாவது தெரியுமா?" என்பது அவளுடைய நெடுநாள் புகார். அலமாரியில் புத்தகத்தைக் கண்டாலாவது அவள் மனம் இளகாதா என்று மனிதருக்கு ஒரு நப்பாசை.

'இயந்திரங்கள்' என்ற அலமாரியைச் சல்லடை போட்டுத் தேடியும் கிடைக்கவில்லை. கடைசியில் 'இல்லறம்' என்ற அலமாரியில், பிள்ளை வளர்ப்புக்கும் மாமியார் மருமகள் ஒற்றுமைக்கும் நடுவில் அகப்பட்டது. மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது அவருக்கு.

எந்தப் புத்தகம் எந்த அலமாரிக்கு என்று முடிவு செய்கிற பெண்ணை அங்கே எல்லோரும் 'எக்ஸ்ரே' என்பார்கள். அவளிடம் போய்ப் புத்தகத்தை நீட்டினார்.

"அட்டையைப் பார்த்தீங்களா இல்லையா? எழுதின எனக்குத் தெரியாதா, இது எதைப் பத்தினதுன்னு?"

"அட்டையை மட்டும் பார்த்திருந்தா இயந்திரங்கள்லதான் சார் வெச்சிருப்பேன். உள்ளேயும் படிச்சுத் தொலைச்சுட்டேனே!" என்று சிரித்தபடி வாசித்தாள். "'திருகை இறுக்கியதும் மெஷினை ஓட்டி, அடுத்த அறையில் இருப்பவரைக் கேளுங்கள். இன்னும் இருமுகிறது என்று அவள் சொன்னால் மறுபடி கழற்றுங்கள். அவள் காது தப்பாது.' இருப்பவர்னு ஆரம்பிச்சு அவள்னு முடிச்சிருக்கீங்க. எண்ணெய் விடுற பாடத்துலயும் பாருங்க: 'அவள் ஊருக்குப் போயிருக்கும்போது நுணுக்கமான வேலை எதையும் தொடாதீர்கள்.'"

மெக்கானிக் எட்டி அந்தப் பக்கத்தைப் பார்த்தார்.

"எதைப் பத்தின புத்தகம்னு சந்தேகம் வந்தா ஒவ்வொண்ணா எடுத்துட்டுப் பார்ப்பேன் சார். ஊசியை எடுத்தேன், பெல்ட்டை எடுத்தேன், புத்தகம் அப்படியே நின்னுது. இவங்களை," என்று அவருடன் வந்த மனைவியைக் காட்டினாள், "எடுத்தேன், பொலபொலன்னு உதிர்ந்துடுச்சு."

என்ன பெண் அவள்! மண்டையை உடைத்துக்கொண்டு எழுதியவருக்கே பிடிபடாததை அலுங்காமல் எடுத்து மேஜையில் வைத்துவிட்டாள். மெஷினைத் தொட்டதும் கோளாறு எங்கே என்று சொல்லிவிடுகிறவர் அவர். அந்த வித்தையை இன்னொருவர் அவர்மீதே காட்டிவிட்டார். அவளைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது.

"ஆனா ரிப்பேர் கத்துக்க வர்றவன் ஏமாந்து போவானேம்மா" என்று இழுத்தார்.

"அதுவும் நியாயம்தான். மாத்திடட்டுமா?"

"மாத்தாதீங்க."

சொன்னது மனைவி. எக்ஸ்ரே கையிலிருந்த புத்தகம் எப்போதோ அவள் மடிக்குப் போயிருந்தது. பெஞ்சில் உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து படித்துக்கொண்டிருந்தாள். வெகுநேரம் கழித்து நிமிர்ந்தாள். கண் கலங்கியிருந்தது.

"ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கீங்க. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"உனக்குத்தான் காது தப்பாதே" என்றார் அவர். "கேட்டிருக்கும்னு நெனச்சேன்."