அடுத்த வருடம் உன் முறை

பின்லாந்தின் கயானி ஊரில் எங்கள் பள்ளிக்குப் பதற்றத்தைத் தடுக்கும் பயிற்சி வந்தபோது, சீட்டுக் குலுக்கித்தான் வகுப்பைத் தேர்ந்தெடுத்தார்கள். எட்டு ‘ஏ’வுக்கு இந்த வருடம். நான் வகுப்பாசிரியராக இருந்த எட்டு ‘பி’க்கு அடுத்த வருடம். அதுவரை இரண்டையும் ஒப்பிட்டால்தான் பயிற்சிக்குப் பலன் உண்டா என்று தெரியுமாம். ஹெல்சிங்கியிலிருந்து வந்த ஆராய்ச்சிக்காரர்கள் சொன்னதற்கெல்லாம் பூம்பூம் மாடு போலத் தலையாட்டினேன்.

என் வகுப்பில் சில்யா என்றொரு பெண். பதில் தெரிந்தாலும் கை தூக்க மாட்டாள். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலே கழுத்துவரை சிவந்துவிடுவாள்.

ஒரு வியாழக்கிழமை, என் பிள்ளைகள் பட்டாணி சூப் குடிக்கப் போயிருந்தார்கள். சில்யா மட்டும் வெறும் காலுறையோடு ‘ஏ’ வகுப்பின் மூடிய கதவருகே தரையில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே பயிற்சி நடந்துகொண்டிருந்தது. கதவில் காதை வைத்துக்கொண்டு ஏதோ எழுதினாள்.

“இங்க என்னம்மா பண்றே?”

“பயத்தை ஏணி மாதிரி படிப்படியா எழுதணுமாம் டீச்சர், சின்னது அடியில, பெரிசு உச்சியில. நானும் எழுதினேன்.”

“உன் முறை அடுத்த வருஷம்தான். இப்பவே கேட்டுட்டா அவங்க கணக்கு தப்பிடும்.”

“எனக்கு இது வேணும் டீச்சர். வெளியதானே இருக்கேன்.”

“சொன்னா கேளு. போய்ச் சாப்பிடு.”

போய்விட்டாள். நான் பெரிய சட்டாம்பிள்ளை மாதிரி அங்கேயே நின்றேன். இன்றைக்கு நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

வசந்தத்தில் வாரத்துக்கு ஒரு நாள் வராமல் இருந்தாள். பிறகு மூன்று நாள். ஆகஸ்டில் பள்ளி திறந்தபோது வரவேயில்லை. எங்கள் முறை வந்தது. பெயர் ஒட்டிய பயிற்சிப் புத்தகங்களில் ஒன்று மட்டும் மேசையிலேயே கிடந்தது.

அதை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா அறைக்கதவைக் காட்டினாள்.

“எனக்கே திறக்க மாட்டேங்கிறா.”

வாசலில் ஷூவைக் கழற்றிவிட்டு வந்திருந்தேன். காலுறையோடு அந்தக் கதவருகே தரையில் உட்கார்ந்தேன்.

“சில்யா, உன் புத்தகம் கொண்டு வந்திருக்கேன். உன் முறை வந்துருச்சும்மா.”

பிறகு கதவுக்கு அடியில் ஒரு தாள் வந்தது. அன்று அவள் எழுதிய ஏணி. உச்சிப்படி, ‘வகுப்பில் கை தூக்குவது’. அடிப்படி, ‘எனக்கு வேண்டும் என்று டீச்சரிடம் சொல்வது’.

அடிப்படிக்கு எதிரே மட்டும், முடித்துவிட்டதாக ஒரு டிக் போட்டிருந்தாள்.