கை காட்டாத பள்ளம்

லாரி நுழைய முடியாத சாலைக்குள் சைக்கிளை நுழைக்க ஒரு வித்தை வேண்டும். இரும்புத் தடுப்பில் ஓர் ஆள் ஒருக்களித்துப் போகும் அளவுக்குத்தான் இடைவெளி. ஒருவர் முன்சக்கரத்தைத் தூக்க, இன்னொருவர் பின்னால் பிடித்துக்கொண்டால் சுலபம். அன்று காலை இரண்டு பெண்களும் தனித்தனியாக மல்லுக்கட்டினார்கள். பிடியென்று ஒருத்தி கேட்கவில்லை, பிடிக்கட்டுமா என்று மற்றவள் வாய் திறக்கவில்லை.

முதலில் நுழைந்தவளைச் சைக்கிள் குழுவில் கேப்டன் என்பார்கள். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். வீட்டில் உப்பு கேட்டாலும் மைதானத்தில் கேட்கிற குரலில்தான் கேட்பாள். பின்னால் நுழைந்தவள் ஊசி. ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுக்கிறவள், ஆளும் ஒல்லி, பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. கேப்டனின் செத்துப்போன தம்பிக்கு மனைவி.

அந்தத் தம்பியை நெடுஞ்சாலையில் ஒரு லாரி அடித்துப் போட்டுவிட்டுப் போனதிலிருந்து குழுவில் யாரும் நெடுஞ்சாலைப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. மூடிக் கிடக்கும் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போட்ட பழைய டிப்பர் பாதைதான் கதி. அகலமான தார்ச்சாலை, இரண்டு பக்கமும் சுரங்க மண்ணைக் கொட்டிய மேடுகள், மேடுகளின் மேல் நட்டு வளர்த்த காடு. ஹாரன் கிடையாது, புகை கிடையாது. குறை ஒன்றே ஒன்றுதான். கீழே குடைந்து எடுத்துவிட்டதால் மழை பெய்தால் தார் அங்கங்கே அமுங்கும். போன வாரம் இல்லாத பள்ளம் இந்த வாரம் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கும்.

அதற்குத்தான் கை காட்டுவது. ஒட்டிப் போகும்போது பின்னால் வருகிறவருக்குத் தெரிவது முன்னால் போகிறவரின் முதுகும் பின்சக்கரமும் மட்டுமே. பள்ளம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கக் கையை இறக்கி, விரல் நீட்டிக் காட்டவேண்டும். தாமதமாக வந்தால் கேப்டன் கத்துவாள், அத்தோடு சரி. கை காட்டாமல் போனவரை மட்டும் மறுவாரம் சேர்த்துக்கொள்ள மாட்டாள்.

குழுவில் மற்றவர்கள் பின்னால் வருவார்கள் என்று இருவரும் முன்னதாகவே கிளம்பியிருந்தார்கள். ஒரே வீட்டில்தான் இருந்தார்கள், அங்கே பேசினால் ஊசியின் மகள் பாப்பாவின் காதில் விழும். ஊசிக்குப் பெரிய நகரத்து ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்திருந்தது, தங்க இடத்தோடு. மறுநாள் ரயில். ஒன்பது வயதுப் பாப்பாவுக்கு அங்கே பள்ளிக்கூடமும் பார்த்தாயிற்று. ஆனால் அவள் ஒரே பிடியாக நின்றாள்: அத்தை சரியென்று சொன்னால் வருகிறேன். அந்த ஒற்றை வார்த்தையை வாங்கத்தான் ஊசி வந்திருந்தாள்.

"அண்ணி, நாளைக்கு ரயில். பாப்பாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

"எதுக்குச் சொல்லணும்? இங்க அவளுக்கு என்ன குறைச்சல்?" முன்னால் போன கேப்டன் திரும்பாமலே சொன்னாள். இடது கை இறங்கி ஒரு விரிசலைக் காட்டியது. ஊசி விலகினாள்.

"பெத்தவ நான்."

"பார்த்துக்கிட்டது யாரு? நைட் டியூட்டி நைட் டியூட்டின்னு நீ ஓடினப்ப, காய்ச்சல்ல கிடந்த புள்ளை நெத்தியில ஈரத்துணி போட்டது யாரு?"

"நான் ஓடினது ஊர் சுத்தவா? உங்க வீட்டு அரிசியும் அதுலதான் வந்துச்சு."

ஒரு மதகு வந்தது. மதகுக்கு மதகு முன்பின் மாறிக்கொள்வது வழக்கம். ஊசி முன்னால் போனாள். இப்போது பள்ளம் காட்டுவது அவள் முறை. காட்டினாள். வாய் பாட்டுக்குத் திட்டியது, கை பாட்டுக்குக் காட்டியது. யாராவது மேட்டிலிருந்து பார்த்திருந்தால், என்ன ஒற்றுமை என்று கண் வைத்திருப்பார்கள்.

"போனது உங்க தம்பி, அண்ணி. எனக்கும் வயிறு எரியத்தான் செய்யுது. அதுக்காக அவருக்குப் பதிலா என் புள்ளைய வச்சுக்க முடியாது."

அடுத்த மதகில் கேப்டன் முன்னால் பாய்ந்து ஒரு மிதி மிதித்தாள். இவள் மூச்சு வாங்கிச் சாகட்டும் என்ற மிதி. ஊசிக்கு நெஞ்சு அடைத்தது. விட்டால் மானம் போச்சு என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஒட்டியே போனாள்.

பாதி வழியில் பழைய எடைமேடை. நிலக்கரி லாரிகளை நிறுத்தி எடை போட்ட இடம். பக்கத்து அறையில் ஜன்னல் இல்லை, கொடிதான் இருந்தது. அங்கே இறங்கினார்கள். கேப்டன் வாழைப்பழத்தை உரித்து, ஒரு பேச்சுக்குக்கூட நீட்டாமல் முழுதாகத் தின்றாள். தோலைக் காட்டுக்குள் வீசினாள்.

"நீ கேட்ட அந்த ஒரு வார்த்தையை நேத்தே சொல்லிட்டேன் பாப்பாகிட்ட."

ஊசிக்கு முகம் மலர்ந்தேவிட்டது. "என்னன்னு?"

"உங்கம்மாவுக்கு வேலைதான் பெருசு, உன்னை வேண்டாம்னு விட்டுட்டுப் போறான்னு. கூட வான்னு கூப்பிடுறதெல்லாம் சும்மா ஒப்புக்குன்னு."

"அப்படியா சொன்னீங்க?"

"அப்படித்தான் சொன்னேன். வண்டியை எடு. உன் முறை."

ஊசி வண்டியை எடுத்தாள். இந்தப் பொம்பளை நாசமாய்ப் போகட்டும் என்று மனதுக்குள் ஓடியது. ஓடியதை அவள் நிறுத்தவும் இல்லை. எடைமேடை தாண்டினால் இறக்கம். மர நிழல் தார்மேல் துண்டு துண்டாகக் கிடந்தது. சைக்கிள்கள் தாமாகவே வேகமெடுத்தன. கேப்டன் ஒட்டி வருவது சங்கிலிச் சத்தத்தில் தெரிந்தது.

வலது பக்கம், நிழலுக்குள், முறம் அகலத்துக்குத் தார் உள்ளே போயிருந்தது.

ஊசி அதைத் தெளிவாகப் பார்த்தாள். பழக்கத்தில் வலது கை தானாகவே கைப்பிடியை விட்டுக் கிளம்பியது. அதைத் திரும்பப் பிடித்துவைத்தது அவள்தான், வேறு யாருமில்லை. கடைசி நொடியில் தான் மட்டும் இடப்பக்கம் ஒடித்தாள்.

பின்னால் ஓர் இரும்புச் சத்தம். அதன் பிறகு ஆள் விழுகிற சத்தம்.

திரும்பி ஓடி வந்தபோது கேப்டன் சாலை நடுவே மல்லாந்து கிடந்தாள். ஹெல்மெட் பிளந்திருந்தது. புருவத்திலிருந்து ரத்தம். தோள் எலும்பு தோலுக்கடியில் துருத்திக்கொண்டு நின்றது. ஊசியின் கைகள் தம் வேலையைச் செய்தன. புருவத்தை அழுத்தின, மேல்சட்டையைக் கழற்றி அடிபட்ட கையை நெஞ்சோடு கட்டின. ஆம்புலன்ஸுக்குச் சொன்னாள். தடுப்பின் சாவி வனக் காவலரிடம் இருக்கிறது, அவர் வந்தால்தான் வண்டி உள்ளே வரும் என்றார்கள். வண்டி வராத சாலை என்று இத்தனை நாள் கொண்டாடியதற்கு இப்போது காத்திருக்க வேண்டியதாயிற்று.

"பள்ளத்தைப் பார்த்தே" என்றாள் கேப்டன்.

"ம்."

"பார்த்துட்டுதான் காட்டல."

"ஆமா."

கேப்டன் சிரிக்கப் பார்த்தாள். வலி விடவில்லை. "உனக்கு இவ்வளவு துணிச்சல் இருக்கும்னு நெனைக்கல."

ஊசிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. தன்னை நினைத்தாலே அருவருப்பாக இருந்தது. அதற்காக அண்ணி மேல் இருந்த ஆத்திரம் ஒரு சொட்டும் குறைந்துவிடவில்லை.

குழு ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். வாரம் தவறாமல் டயர் வெடிப்பதால் பஞ்சர் என்று பெயர் வாங்கியவர்தான் முதலில் பள்ளத்தையும், பிறகு ஊசியையும் பார்த்தார். "கை காட்டலையாம்மா?"

எல்லோரும் ஊசியையே பார்த்தார்கள்.

"காட்டினா" என்றாள் கேப்டன், கீழே கிடந்தபடி. "நல்லாவே காட்டினா. நான்தான் பராக்குப் பார்த்துட்டேன்."

பஞ்சர் ஊசியின் தோளில் தட்டிக்கொடுத்தார். கேப்டன் இடது கை விரலால் அவளை அருகே அழைத்தாள். ஊசி குனிந்தாள். ரத்த வாடையோடு குரல் காதில் விழுந்தது.

"யார் கேட்டாலும் காட்டினான்னுதான் சொல்லுவேன். பாப்பா கேட்டாலும் அதேதான். ஆனா பாப்பா இங்கதான் இருப்பா. அதை நான் சொல்ல மாட்டேன். உன் வாயால நீயே சொல்லணும்."

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் பாப்பாவைப் பஞ்சர் அழைத்து வந்தார். அவள் அத்தையின் கட்டுகளை எட்ட நின்று பார்த்தாள். பிறகு வந்து அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

"நீ கரெக்டா கை காட்டினியாம். பஞ்சர் மாமா சொன்னாரு. எனக்கு அப்பவே தெரியும்."

கட்டிலில் கேப்டன் கண்ணை மூடியிருந்தாள். தூங்கவில்லை என்று ஊசிக்குத் தெரியும்.

"அம்மா, என் பையை எடுத்து வச்சுட்டேன். அத்தை எப்படியும் சரின்னு சொல்லிடுவாங்க."

நான் காட்டவில்லையடி என்று சொல்லிவிட்டால் போதும், கேப்டனின் பிடி விட்டுப்போகும். சொல்லவும் வாயெடுத்தாள். நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்த அந்த முகத்தில் அத்தனை பெருமை. அதைச் சொல்லாமல் பாப்பாவின் நெற்றி முடியை ஒதுக்கிவிட்டாள்.

"நீ அத்தைகூட இருடா. அத்தைக்குக் கை சரியில்லல்ல."

"சரியானதும் வரவா?"

கேப்டன் கண்ணைத் திறந்தாள்.

"இல்லடா. இங்கயே இரு" என்றாள் ஊசி.

பாப்பா கட்டியிருந்த கையை எடுத்துக்கொண்டாள். அழவில்லை. போய் அத்தையின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"அத்தை நேத்தே சொன்னாங்க" என்றாள். "நான்தான் நம்பல."