கவிழ்ந்து படுத்துக் கேட்ட ஆட்டம்

வியாழக்கிழமை காலையில் நவாருண் குஹாவின் இடக்கண்ணில் ஒரு மின்னல் வெட்டியது. கரியா பேருந்துப் பணிமனையில் வண்டிகள் கிளம்பும் நேரத்தைக் குறித்துக்கொண்டிருந்தவர், எதிரே யாரோ கண்ணாடியைத் திருப்புகிறார்கள் என்று நினைத்தார். அப்படி யாரும் இல்லை. மதியத்துக்குள் மிளகுத்தூளைத் தூவியதுபோல் கண்ணுக்குள் கரும்புள்ளிகள் மிதக்க ஆரம்பித்தன. தூக்கம் போதாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

தூங்குவதற்கு அது நல்ல வாரமில்லை. வெள்ளி மாலை டென்னிஸ் அரையிறுதி. சனி விடியலிலிருந்து ஆஸ்திரேலியாவில் இந்தியா ஆடும் டெஸ்ட். சாயங்காலம் இங்கிலாந்துக் கால்பந்து இரண்டு ஆட்டம், ஒன்று முடிந்த சூட்டோடு இன்னொன்று. ஞாயிறு காலை மறுபடி டெஸ்ட். அன்று மாலைதான் இவை எல்லாவற்றையும்விடப் பெரியது. கால்பந்துக் கோப்பையின் இறுதி ஆட்டத்தில் அவருடைய ஈஸ்ட் பெங்காலும் மோகன் பகானும் மோதவிருந்தன. நவாருண் ஒரு மாதத்துக்கு முன்பே பணிமனையில் முறை மாற்றிக்கொண்டிருந்தார். மின்சாரம் போனால் டிவி ஓடுவதற்காக இன்வெர்ட்டருக்குப் புது பேட்டரி வாங்கிவிட்டார். அந்த இரண்டு நாளும் கல்யாணம், கருமாதி எதற்கும் வர முடியாது என்று சொந்தக்காரர்களிடம் முன்கூட்டியே சொல்லியும் வைத்துவிட்டார்.

வெள்ளி மாலை டென்னிஸ் பார்த்துக்கொண்டிருக்கும்போது திரையின் ஓரத்தில் ஒரு நிழல் தெரிந்தது. வலக்கண்ணை மூடிப் பார்த்தார். ஒரு பக்கத்து ஆட்டக்காரனைக் காணவில்லை. பந்து இருட்டுக்குள் போய், இருட்டிலிருந்து திரும்பி வந்தது.

அவருக்கு இது தெரியும். அண்ணன் பிரதுலுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. கண்ணுக்குள் விழித்திரை கழன்றுவிட்டது என்றார்கள். அவர் தாமதமாகப் போனார், அறுவை செய்தார்கள், ஒரு வாரம் குப்புறப் படுக்க வைத்தார்கள். அப்படியும் அந்தக் கண்ணில் பகலா இரவா என்பது மட்டும்தான் மிஞ்சியது.

நவாருண் டிவியை அணைக்கவில்லை. வலக்கண்ணால் பார்த்துக்கொண்டே, திங்கட்கிழமை போய்விடலாம் என்று முடிவு செய்தார். இரண்டு நாளில் என்ன ஆகிவிடும்? அப்படித் தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டே, அடிக்கடி கண்ணை மூடித் திறந்து நிழலை அளந்தார். ஒவ்வொரு தடவையும் அது கொஞ்சம் உள்ளே வந்திருந்ததுபோல் இருந்தது. யார் ஜெயித்தார்கள் என்பதே அவர் மனதில் பதியவில்லை.

சனிக்கிழமை காலையில் மனைவி சியாமலி டீ கொண்டுவந்து இடப்பக்கம் நீட்டினாள். அவர் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் நீட்டியபடியே நின்றாள்.

"என்னங்க, கை வலிக்குது. வாங்குறீங்களா, தலையில ஊத்தவா?"

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். கை கோப்பையில் இடித்து டீ பாதி கொட்டியது. சியாமலி சமையலறைக்குப் போய் ஒரு கரண்டியோடு திரும்பி வந்தாள். அவர் வலக்கண்ணைத் தன் உள்ளங்கையால் பொத்தினாள்.

"என் கையில என்ன இருக்கு?"

"விளையாடாதே, சியாமலி. விக்கெட் விழுந்துடும்."

"விழட்டும். என்ன இருக்கு சொல்லுங்க."

"...டம்ளர்."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "எப்பலேர்ந்து?"

"நேத்துலேர்ந்து. வியாழக்கிழமைலேர்ந்து. திங்கட்கிழமை போகலாம்னுதான் இருந்தேன்."

"உங்க அண்ணனும் இப்படித்தான் துர்க்கா பூஜை முடியட்டும்னு இருந்தாரு. எழுந்திருங்க. சட்டையை மாட்டுங்க."

"நாளைக்கு ஃபைனல்டி!"

"உங்க கிழக்கு வங்காளத்து பாங்கால் பிடிவாதத்தை நதிக்கு அந்தப்பக்கமே விட்டுட்டு வந்திருக்கக் கூடாதா? எழுந்திருங்கன்னா எழுந்திருங்க."

மருத்துவமனையில் இளம் பெண் டாக்டர் கண்ணுக்குள் விளக்கடித்து நெடுநேரம் பார்த்தார். விழித்திரை நடுப்பகுதிக்குப் பக்கம் வரை கழன்றுவிட்டது, இன்றே செய்தாக வேண்டும் என்றார்.

"திங்கட்கிழமை பண்ணலாமா, டாக்டர்?" நவாருண் சியாமலியின் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"பண்ணலாம். அப்ப காப்பாத்துறதுக்கு என்ன மிச்சம் இருக்கும்னு என்னால சொல்ல முடியாது." டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டார். "நாளைக்கு மேட்ச்தானே? காலையிலேர்ந்து நீங்க மூணாவது ஆளு."

"மத்தவங்க என்ன பண்ணாங்க?"

"ஒருத்தர் உள்ளே படுத்திருக்காரு. இன்னொருத்தர் வீட்டுக்குப் போயிட்டாரு."

வீட்டுக்குப் போனவரை நவாருண் நினைத்துப் பார்த்தார். இந்நேரம் அவர் சோபாவில் உட்கார்ந்திருப்பார். அவர் மேல் பொறாமையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. பிறகு கையெழுத்துப் போட்டார்.

மரத்துப்போக ஊசி போட்டுத்தான் செய்தார்கள். வலி இல்லை. ஆனால் கண்ணுக்குள் ஏதோ நகர்வது தெரிந்தது. அண்ணனின் முகம் மனதில் வந்துகொண்டேயிருந்தது. முடிந்ததும், கண்ணுக்குள் காற்றுக்குமிழி ஒன்றை வைத்திருப்பதாகவும், அதுதான் விழித்திரையை அழுத்திப் பிடித்திருக்கும் என்றும் டாக்டர் சொன்னார். முகம் தரையைப் பார்த்தே இருக்க வேண்டும். சாப்பிடும்போதும், தூங்கும்போதும். "தலையைத் தூக்கினா குமிழி விலகிடும். நாளைக்கு கோல் விழுந்தாலும் தூக்கக் கூடாது. புரியுதா?"

ஞாயிறு மாலை நவாருண் வீட்டில் கட்டிலில் குப்புறக் கிடந்தார். நெற்றிக்குக் கீழே சுருட்டிய போர்வை. திறந்திருந்த ஒரு கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் சிவப்புத் தரையும் சியாமலியின் கால்விரல்களும்தான். டிவியைப் படுக்கையறைக்குக் கொண்டுவந்திருந்தார்கள். ஆட்டம் தொடங்கக் கொஞ்சம் இருக்கும்போது கேபிளில் ஒலி கரகரத்து அடங்கிவிட்டது. படம் மட்டும் ஓடியது. பக்கத்து வீட்டுக் காஞ்சன் வந்து எல்லாப் பொத்தானையும் அமுக்கிப் பார்த்துக் கைவிரித்தான். அவனுக்கு நவாருண் 'நபுதா', அண்ணன்; சியாமலி 'பௌதி', அண்ணி.

"நபுதா, தெருவுக்கே சத்தம் இல்லையாம். கவலைப்படாதீங்க, பௌதி சொல்லட்டும்."

"இவளா? பாக்பஜார் மல்லிக் வீட்டுப் பொண்ணு! பிறந்ததுலேர்ந்து மோகன் பகான்! இவ சொல்றதை நான் நம்பணுமா?"

"நம்பாதீங்க. தரையைப் பாத்துட்டே இருங்க" என்றாள் சியாமலி.

காஞ்சனும் மோகன் பகானின் பச்சை-மெரூன் கட்சிதான். வாசலில் அவளைத் தனியே அழைத்துக் கிசுகிசுத்தான்: "பௌதி, கோல் கீல் விழுந்தா சொல்லாதீங்க. நபுதா எகிறிடுவாரு. கடைசி வரைக்கும் ஜீரோ ஜீரோன்னே சொல்லுங்க." அவள் தலையாட்டினாள். அவளுக்கும் அதுதான் சரி என்று பட்டது.

ஆட்டம் தொடங்கியது. சியாமலிக்கு ஆட்டக்காரர் பெயர் ஒன்றும் தெரியாது.

"உங்க குடுமிக்காரன் பந்தை வெச்சிருக்கான். ஓடுறான். ஐயோ, விழுந்துட்டான்."

"யாரு தள்ளினது?"

"யாரும் தள்ளலை. தானாத்தான் விழுந்தான்."

"உங்க ஆளுங்க தள்ளாம எப்படி விழுவான்?"

பாதி ஆட்டம் அப்படியே போனது. கழுத்து கடுத்தது. குமிழி நகர்ந்துவிட்டதோ என்று மூச்சை அடக்கிக் கவனித்தார். பந்தைப் பற்றிய கவலையும் கண்ணைப் பற்றிய கவலையும் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுக்கொண்டுவிட்டன. ஆட்டம் தோற்றால் கண்ணும் போய்விடும் என்றுகூட ஒரு கணம் தோன்றியது. சே, என்ன பைத்தியக்காரத்தனம்!

இரண்டாம் பாதியில் திடீரென்று வெளியே பெரும் கூச்சல். பட்டாசு. சியாமலி பேச்சை நிறுத்தினாள்.

"என்ன ஆச்சு?"

கால்விரல்கள் மடங்கின.

"சியாமலி. யாரு போட்டது?"

அவள் திரையைப் பார்த்தாள். பச்சை-மெரூன் சட்டைகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து கிடந்தன. ஜீரோ ஜீரோ என்ற வார்த்தை நாக்கில் இருந்தது. ஆனால் தரையைப் பார்த்துக் கிடக்கும் மனுஷனிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை.

"நாங்க போட்டோம்" என்றாள். "சுத்தமான கோல்தான். தலையைத் தூக்காதீங்க."

அவர் நெற்றியைப் போர்வையில் அழுத்திக்கொண்டார். பிறகு, "சரி, சொல்லிட்டே இரு" என்றார்.

ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் அவள் குரல் ஏறியது. "குடுமிக்காரன்தான்! திரும்புறான், ஒருத்தனை ஏமாத்திட்டான், இன்னொருத்தன், அடிச்சுட்டான்... கோல்! என்னங்க, கோல்!"

நவாருணின் உடம்பு தன்னாலே எழும்பியது. அதே கணத்தில் சியாமலியின் கை அவர் பிடரியில் விழுந்து, முகத்தைப் போர்வைக்குள் அழுத்தியது.

"தூக்கிட்டேனா? சியாமலி, தூக்கிட்டேனா?"

"இல்லை."

"உண்மையைச் சொல்லு."

"கொஞ்சம். ஒரு விரக்கடை."

கூடுதல் நேரத்தில் மோகன் பகான் மறுபடி ஒன்று போட்டுக் கோப்பையைக் கொண்டுபோனது. அதைச் சொல்லும்போது அவள் குரலில் சந்தோஷம் இல்லை. அவரும் அதைப் பெரிதாகக் கேட்டுக்கொள்ளவில்லை. அந்த ஒரு விரக்கடையே மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. இரவெல்லாம் அவள் கை அவர் பிடரியிலேயே இருந்தது. இருவரும் தூங்கவில்லை.

திங்கட்கிழமை காலை டாக்டர் கண் கட்டைப் பிரித்து விளக்கடித்தார். நவாருண் நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்திருந்தார்.

"ஒட்டியிருக்கு" என்றார் டாக்டர். "நல்லாவே ஒட்டியிருக்கு. இன்னும் நாலஞ்சு நாள் இப்படியே படுங்க."

"தலையை ஒரு தடவை தூக்கிட்டேன், டாக்டர்."

"யாருதான் தூக்கலை?"

வெளியே வரும்போது சியாமலி நடைபாதையில் நின்று அழுதாள். குனிந்த தலையோடு நின்றிருந்த அவருக்கு அவள் செருப்புதான் தெரிந்தது. கையை நீட்டித் தடவி அவள் தோளைத் தேடிப் பிடித்துக்கொண்டார்.

குமிழி மெல்லக் கரைந்து, தண்ணீர் வடிய வடியக் கரை தெரிவதைப்போலப் பார்வை மேலிருந்து திரும்பி வந்தது. முழுதாக வரவில்லை. அந்தக் கண்ணால் பார்த்தால் நேர்க்கோடுகள் லேசாக வளைந்திருக்கின்றன. கோல் கம்பங்கள் மூங்கிலைப்போல் சாய்ந்து நிற்கின்றன. அதைப் பற்றி அவர் யாரிடமும் குறை சொன்னதில்லை. ஆட்டம் பார்க்கும்போது மட்டும் சியாமலியை இடப்பக்கம் உட்கார வைத்துக்கொள்கிறார்.