முழு டேங்க் கணக்கு

இதில் எவ்வளவு சரியாக நினைவிருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை. போனை மாற்றியபோது பழைய செய்திகள் எல்லாம் போய்விட்டன. யார் எதை முதலில் சொன்னார்கள், அது ஏப்ரல் கடைசியா மே முதல் வாரமா என்பதெல்லாம் இப்போது என் தலைக்குள் மட்டும்தான் இருக்கிறது. எனக்குச் சாதகமாகத் திருத்திக்கொள்ளக் கூடிய தலை அது. முடிந்தவரை உள்ளபடி எழுதப் பார்க்கிறேன்.

நான் கொடைக்கானலில் ஒரு மிஷன் பள்ளியில் நூலகர். ஐம்பத்தொரு வயதில் கார் ஓட்டப் பழகினேன். மனைவி ஜோசப்பின் மஸ்கட்டில் நர்ஸ். அடுத்த லீவில் பஸ்ஸில் மலை ஏற மாட்டேன் என்று அவள் சொல்லிவிட்டதால், ரிட்டயர் ஆன கணக்கு டீச்சரிடமிருந்து பழைய ‘சிட்டு’ ஒன்றை வாங்கினேன். சின்ன வண்டி. கம்பெனி அதைச் செய்வதை நிறுத்திப் பல வருடங்கள் ஆகிவிட்டன. வைப்பர் பிளேடுகூட இங்கே கிடைக்கவில்லை. அதைத் தேடிப் போன இடத்தில்தான் ‘சிட்டு குடும்பம்’ என்ற வாட்ஸ்அப் குழு அகப்பட்டது. நூற்று நாற்பது பேர். பெரும்பாலும் ராமநாதபுரம், தூத்துக்குடி, சிவகங்கைப் பக்கத்து ஆட்கள்.

அட்மின் பாண்டிச்செல்வி, தேவகோட்டைப் பக்கம் ஒரு சுகாதார நிலையத்தில் கிராம செவிலியர். அவர் எழுத மாட்டார். எல்லாம் குரல் பதிவுதான், பின்னால் எப்போதும் கோழிகள் கத்திக்கொண்டிருக்கும்.

“மரியஅந்தோணி சார், வாங்க. வண்டி மூஞ்சி தெரியிற மாதிரி ஒரு போட்டோ போடுங்க. பெறகு முழு டேங்க் கணக்கு. அதப் போட்டாத்தான் உங்களுக்கு நம்பர். அதுவரைக்கும் நீங்க புதுசு. கோவிச்சுக்கிடாதீங்க, கலெக்டரே வந்தாலும் புதுசுதான்.”

முழு டேங்க் கணக்கு என்பது இதுதான். வாய்வரை பெட்ரோல் போட்டு மீட்டரைப் பூஜ்யத்தில் வைக்க வேண்டும். அறுபது கிலோமீட்டராவது ஓட்டிவிட்டு, மறுபடி வாய்வரை போட வேண்டும். எவ்வளவு போயிற்று, லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று படத்தோடு குழுவில் போட வேண்டும். அதன் பிறகு ஒரு எண் தருவார்கள். அதைப் பின்கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளலாம். பொய்க் கணக்குப் போட்டால் நீக்கிவிடுவார்கள். கரூர்க்காரர் ஒருவர் அப்படிப் போனதை இரண்டு வருடம் கழித்தும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

மூன்று வாரம் நான் புதுசாகவே இருந்தேன். எதுவும் எழுதவில்லை, வாசித்தேன். எனக்கு மௌனம் பிடிக்கும். ஆனால் ஜோசப்பின் போன பிறகு வீட்டுக்குள் வந்து உட்கார்ந்த மௌனம் நான் கேட்டு வாங்கியதல்ல. சாயங்காலம் பள்ளியிலிருந்து வந்து டீ போடும்போது, அடுப்புப் பக்கத்தில் போனை வைத்துக்கொண்டு, முன்பின் தெரியாதவர்கள் கிளட்ச் பற்றிச் சண்டை போடுவதைக் கேட்பேன். வேம்பாரில் உப்பள மேஸ்திரியாக இருந்த முத்துராஜ் அண்ணாச்சிதான் என்னைத் தேடிப் பிடித்தார். அவருக்கு அறுபது. நான் இளையவன் என்று தெரிந்த நிமிடமே உரிமை எடுத்துக்கொண்டார்.

“ஏலே புதுசு, உயிரோட இருக்கியாலே? ஒரு இருமலாவது இருமு.”

முப்பது வருடமாக என்னை எல்லாரும் சார் என்றுதான் கூப்பிட்டிருக்கிறார்கள். அந்தக் குரல் பதிவை நான் இரண்டு மூன்று தடவை கேட்டேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

ஒரு சனிக்கிழமை, பைண்டிங்குக்குப் புத்தகங்கள் கொடுக்கப் பழனிக்குப் போக வேண்டியிருந்தது. கொடைக்கானல் பங்கில் வாய்வரை போட்டேன். இரண்டாவது கியரில், வியர்த்த கையோடு இறங்கி, பழனியில் மறுபடி வாய்வரை போட்டேன். அறுபத்து நான்கு கிலோமீட்டர். இரண்டு லிட்டர்தான் பிடித்தது. லிட்டருக்கு முப்பத்திரண்டு.

குழுவில் பதினெட்டைத் தாண்டியவர் கிடையாது. போன் நடுங்கிக்கொண்டே இருந்தது.

“ஏலே, பெட்ரோல் ஊத்துனியா, தீர்த்தம் ஊத்துனியா?” என்றார் முத்துராஜ்.

பாண்டிச்செல்வி எனக்கு நூற்று நாற்பத்தொன்று என்ற எண்ணைக் கொடுத்து, ஓட்டும் முறையைச் சொல்லும்படி கேட்டார். ‘அதிகம் மிதிப்பதில்லை’ என்று எழுதினேன். அது உண்மை. பயத்தில் நான் மிதிப்பதே இல்லை. குறைவாகப் பேசுகிறவனுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது என்று மனிதர்கள் நம்பிவிடுகிறார்கள்.

அன்று சாயங்காலம் ரஷாத் கூப்பிட்டார். பழனி கடைவீதியில் வண்டிச் சாமான் கடை வைத்திருப்பவர், குழுவில் முப்பத்தெட்டாம் எண்.

“அண்ணே, ஒண்ணு கேக்கவா? கொடைக்கானல்ல போட்டுட்டு பழனியில போட்டீங்களா?”

“ஆமா.”

“அது பூரா எறக்கம்ண்ணே. உங்க வண்டி ஓடல. உருண்டிருக்கு.”

சத்தியமாக அது எனக்குத் தோன்றியிருக்கவில்லை. வாழ்நாளெல்லாம் பஸ்ஸில் ஏறி இறங்கியவன், பெட்ரோலையும் சரிவையும் சேர்த்து யோசித்ததே கிடையாது. விதியை எழுதியவர்களுக்கும் தோன்றவில்லை. அவர்கள் ஊரில் ஏற்றம் என்றால் ரயில்வே மேம்பாலம்தான்.

“நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். நீங்களே வெரசா சொல்லிருங்க. சிரிச்சிட்டுப் போயிருவாங்க” என்றார் ரஷாத்.

நான் சொல்லவில்லை. முதல் நாள் கூச்சம். இரண்டாம் நாள் கரூர்க்காரர் நினைவு. அதற்குப் பிறகு, தெரிந்தும் இத்தனை நாள் சொல்லாமல் இருந்தது தனிக் குற்றமாகச் சேர்ந்துகொண்டது. எழுதுவேன், அழிப்பேன். நீக்கிவிட்டால் சாயங்காலங்களை என்ன செய்வது என்பதுதான் கேள்வியாக இருந்தது.

இதற்கிடையில் முத்துராஜ் மிதிப்பதைக் குறைத்துவிட்டார். லாரிகள் பின்னால் ஹாரன் அடிக்க, உப்பளத்துக்குத் தாமதமாகப் போய்ச் சேர்ந்து, பதினேழு புள்ளி இரண்டு என்று சந்தோஷமாகக் கணக்குப் போட்டார். என் வண்டியை ஒரு தடவை கண்ணால் பார்க்க வேண்டும் என்று சொன்னவரும் அவர்தான். மலைக்கு வர இ-பாஸ் எடுத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒன்பது சிட்டுகள் பழனியில் வாய்வரை போட்டுக்கொண்டு வெள்ளனே மலை ஏறின.

பங்க் வாசலில் காத்திருந்தேன். பத்து மணிக்கு வந்தார்கள். பாண்டிச்செல்வி குரலைவிடச் சின்ன உருவம். முத்துராஜ் என் வண்டியைச் சுற்றி வந்து பானெட்டைத் தடவிக் கொடுத்தார். பிறகு வரிசையாகப் பெட்ரோல் போட்டார்கள். முதல் வண்டி லிட்டருக்கு ஒன்பது. அடுத்தது எட்டரை. முத்துராஜின் வண்டி எட்டு.

பழனிக்காரர் என்பதால் ரஷாத் மட்டும் காரணம் தெரிந்தவராக வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மற்றவர்கள் மலையைச் சந்தேகப்படவில்லை. இதே மலையில்தானே என் வண்டி முப்பத்திரண்டு கொடுத்தது. தங்களைத்தான் சந்தேகப்பட்டார்கள்.

“நமக்கு ஓட்டத் தெரியல” என்றார் முத்துராஜ், மெதுவாக. “பதினஞ்சு வருசமா இந்த வண்டியப் போட்டு வதச்சிருக்கேன் போலுக்கு.” சாவியை என் கையில் வைத்தார். “நீ ஓட்டிக் காட்டு. பக்கத்துல உக்காந்து பாத்துக்கிடுதேன்.”

அந்தச் சாவியோடு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. எனக்குப் பிடிக்காத மௌனம் என்று ஒன்று உண்டென்றால் அதுதான்.

“அண்ணாச்சி, உங்க வண்டிக்கும் ஒண்ணுமில்ல, உங்களுக்கும் ஒண்ணுமில்ல. நான் கணக்கெடுத்தது எறக்கத்துல. மேல போட்டேன், கீழ போட்டேன். போட்ட அன்னைக்கே ரஷாத் சொல்லிட்டாரு. நாந்தான் சொல்லாம இருந்துட்டேன்.”

முத்துராஜ் மலைப்பாதையைத் திரும்பிப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“அப்போ ரெண்டு வாரமா லாரிக்காரன் பூரா என் குடும்பத்த ஏசுனது உன்னாலதானா?”

ரஷாத்துக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவரைத் தொடர்ந்து எல்லாரும் சிரித்தார்கள். பாண்டிச்செல்வி மட்டும் சிரிக்கவில்லை.

“தெரியாமப் போட்டது தப்பில்ல சார். தெரிஞ்சும் வச்சிருந்தீங்க பாருங்க, அதான். விதி எல்லாருக்கும் ஒண்ணுதான்.” போனை எடுத்து ஏதோ செய்தார். நீங்கள் நீக்கப்பட்டீர்கள் என்று என் போனில் வந்தது. எல்லார் முன்னாலும் அதைப் படித்தேன்.

“படிச்சிட்டீங்களா? இப்போ லிங்க் அனுப்பியிருக்கேன், சேருங்க. நீங்க மறுபடி புதுசு. இங்கேயே ஃபுல் பண்ணி, பழனி போயி, திரும்பி ஏறி இதே பங்குல வந்து போடுங்க. இனிமே எல்லாருக்கும் அப்படித்தான். கெளம்புன பங்குலதான் கணக்க முடிக்கணும். இத எனக்கு முன்னமே தோணாமப் போச்சே.”

“அதெல்லாம் நாளையிலருந்து” என்றார் முத்துராஜ், சாவியை என் கையிலிருந்து பிடுங்கி. “இன்னைக்கு எறங்கும்போது நானும் முப்பத்திரண்டு. ஒருத்தனும் கேக்கப்படாது.”

மறு சனிக்கிழமை என் கணக்கு பதினான்கு வந்தது. எனக்கு நூற்று நாற்பத்தொன்பதாம் எண்ணைக் கொடுத்தார்கள். முத்துராஜ் கண் ஆபரேஷனுக்குப் பிறகு வண்டியை மருமகனுக்குக் கொடுத்துவிட்டார், குழுவில் இருக்கிறார். பாண்டிச்செல்விக்கு இளையான்குடிப் பக்கம் மாற்றலாகிவிட்டது. ரஷாத் ஒட்டன்சத்திரத்தில் இரண்டாவது கடை போட்டிருக்கிறார். ஜோசப்பின் டிசம்பரில் வந்து நாற்பது நாள் இருந்துவிட்டுப் போனாள். இந்த வருடம் வேலையை விட்டுவிட்டு வருகிறாள். சிட்டு குடும்பத்தில் இப்போது நூற்று எண்பத்தாறு பேர். அதில் மலையில் இருப்பவர்கள் இருவர்: நானும், பண்ணைக்காட்டில் காபித் தோட்டம் வைத்திருக்கும் செல்வமுருகனும்.