ஆற்றுக்கு அடியில் மூன்றாம் மாடல்

டாங்கி ஓட்டுபவன் உட்கார்ந்து ஓட்டுவதில்லை. சாய்வு நாற்காலியில் கிடப்பவன்போல் கிட்டத்தட்ட மல்லாந்து கிடக்க வேண்டும். தலைக்கு மேல் இரும்பு மூடி, கண்ணுக்கு நேரே கையகலக் கண்ணாடி, காதில் மேலேயிருந்து வரும் கமாண்டரின் குரல். அவ்வளவுதான் உலகம். அந்த உலகம் அவனுக்குப் பிடித்திருந்தது. வண்டியை விட்டு இறங்கிய பிறகும் பாதிக் கண் மூடியபடியே நடப்பான் என்பதால், சோதனைப் பிரிவில் அவனைத் தூங்குமூஞ்சி என்றுதான் கூப்பிட்டார்கள். ஓட்டுவதில் அவனை மிஞ்ச ஆளில்லை. அதனால் கூப்பிட்டுவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டான்.

அந்தத் தொழிற்சாலையில் முதல் மாடல் வெளிவந்த நாளிலிருந்தே அவன் இருக்கிறான். முதலாவது மேடேறும்போது முக்கி முனகியது. இரண்டாவதற்குப் புது இன்ஜின் வைத்தார்கள். வைத்த கையோடு கவசத்தையும் தடிமனாக்கியதால், அதுவும் கொஞ்ச நாளில் முனகத் தொடங்கியது. பிறகு அதே உடம்பின்மேல் பீரங்கிக்குப் பதிலாக மடக்குப் பாலத்தை ஏற்றினார்கள். இன்னொன்றில் கிரேனும் இழுவைக் கம்பியும் பொருத்தி, சேற்றில் புதைந்த டாங்கிகளை இழுத்துப் போடும் மீட்பு வண்டியாக்கினார்கள். பட்டறையில் அதன் பெயர் ‘தூக்கி’. பீரங்கி இல்லாத டாங்கியை யார் மதிப்பது? பெரிய மனிதர்கள் பார்வையிட வந்தால் தூக்கியைக் கொட்டகைக்குப் பின்னால் ஓட்டிப்போய் மறைத்துவிடுவார்கள்.

மூன்றாவது மாடல் ஆற்றின் அடியில் தரையோடு தரையாகப் போக வேண்டும். அதற்காகப் பீரங்கி சுழலும் கோபுரத்தின் மேல் ஓர் ஆள் ஏறி நிற்கும் அகலத்தில் உயரமான குழாய் ஒன்றைப் பொருத்தினார்கள். டாங்கி முழுதும் முங்கிய பிறகும் அந்தக் குழாயின் வாய் மட்டும் தண்ணீருக்கு மேலே நிற்கும். கமாண்டர் அதில் ஏறி நின்று வழி சொல்லுவார். ஓட்டுநர் கீழே இருட்டில் அந்தச் சொல்லை நம்பி ஓட்டுவான்.

கமாண்டர் அவன் மனைவியின் அண்ணன். அங்கேதான் சிக்கல். மச்சானும் மாப்பிள்ளையும் ஒரு மாதமாக முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

தங்கை மாசமாக இருக்கிறாள், ஆற்றுச் சோதனைக்கு வேறு ஆளைப் போடுங்கள் என்று மச்சான் இன்ஜினியரம்மாவிடம் தனியாகப் போய்ச் சொல்லியிருக்கிறார். மூன்றாம் மாடலுக்கு முழுப் பொறுப்பும் அந்த அம்மாதான். அவர் ஒளித்துப் பேசத் தெரியாதவர். நேராக இவனிடமே வந்து, “உங்களுக்குப் பயமா இருந்தா சொல்லிடுங்க, மாத்திடலாம்” என்றார். இவனுக்குக் காது மடல் வரை சூடேறிவிட்டது. அன்றோடு பேச்சு நின்றது. மச்சானும் விட்டுக்கொடுக்கவில்லை, காதுக்கருவியில்கூட ‘மாப்ள’ போய் ‘டிரைவர்’ வந்துவிட்டது.

சோதனை நாளன்று வெயில் இதமாக இருந்தது. வண்டியில் அவர்கள் இருவர் மட்டும். பின்புறக் கொக்கியில் ஒரு நீளமான கம்பியை மாட்டி, மறுமுனையைக் கரையில் நின்ற தூக்கியோடு இணைத்திருந்தார்கள்.

“டிரைவர், முன்னே.”

வண்டி சரிவில் இறங்கியது. கண்ணாடியில் முதலில் வெள்ளை நுரை, பிறகு மஞ்சள், பிறகு பச்சை. அப்படியொரு பச்சையை அவன் எங்கும் பார்த்ததில்லை. வெயில் மேலேயிருந்து நூல் நூலாக இறங்கிக்கொண்டிருந்தது. நீர்ச்செடிகள் ஒரே பக்கமாகச் சாய்ந்து, யாரோ தலைவாரிவிட்டதுபோல் ஆடின. இன்ஜின் சத்தம் எங்கோ பக்கத்து வீட்டில் கேட்பதுபோல் மங்கியது. ஒரு மீன் கண்ணாடியருகே வந்து, வாயைத் திறந்து திறந்து மூடியது. அவனும் தன்னையறியாமல் வாயைத் திறந்து மூடினான்.

நடு ஆற்றில் இன்ஜின் ஒரு செருமு செருமிவிட்டு நின்றது.

“டிரைவர், என்ன ஆச்சு?”

“நின்னுடுச்சு.”

“திரும்பப் போட்டுப் பாக்காதே. புகைக்குழாய் வழியா தண்ணி ஏறிடும். இழுக்கச் சொல்றேன்.”

பிறகு எதுவும் கேட்கவில்லை. எங்கோ ஒரு சொட்டு விழுந்துகொண்டிருந்தது. கம்பி விறைத்தது, வண்டி அசைந்து, மறுபடி அடங்கியது. சக்கரச் சங்கிலியைச் சேறு கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். அவனுக்குப் பயம் வரவில்லை, அதுதான் வினோதம். கை கால் எல்லாம் எடையற்றுப் போயின. வயிற்றுக்குள் கிடக்கும் குழந்தைக்கும் இப்படித்தான் கேட்குமோ, வெளியே பேசுவதெல்லாம் தூரத்துச் சத்தமாக? இப்படியே கண்ணை மூடினால் என்ன என்று தோன்றியது. மூடினான்.

யாரோ தோளைத் தொட்டார்கள்.

பீரங்கியைப் பின்பக்கம் திருப்பி வைத்திருந்ததால் கோபுரத்துக்கும் அவன் அறைக்கும் நடுவே குறுகிய வழி ஒன்று திறந்திருந்தது. அதற்குள் மச்சான் தன் தொந்தியைத் திணித்துக்கொண்டு, கையில் இரண்டு மூச்சுக் கருவிகளோடு வந்திருந்தார்.

“நீங்க மேலதானே இருக்கணும்?” என்றான். “குழாய் வழியா வெளிய போயிருக்கலாமே.”

“போயிருக்கலாம்.” மூச்சு வாங்கியது அவருக்கு. “கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாத்தேன், பதிலில்ல. தூங்கிட்டியா மாப்ள?”

“கண்ண மூடியிருந்தேன்.”

“இந்த எடத்துலயா?”

அவன் சிரித்துவிட்டான். அவர் சிரிக்கவில்லை. குனிந்து தரையைத் தொட்டுப் பார்த்தார். இருக்கைக்கு அடியில் தண்ணீர் விரலளவு நின்றது.

“அந்தம்மாகிட்ட நான் போனது தப்புதான். உங்கிட்டயே கேட்டிருக்கணும்.”

“கேட்டிருந்தா மட்டும்? மாட்டேன்னுதான் சொல்லியிருப்பேன்.”

“அதான் கேக்கல.”

கொஞ்ச நேரம் இருவரும் கண்ணாடி வழியே அந்தப் பச்சையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“நல்லாத்தான் இருக்கு,” என்றார் மச்சான், மனசில்லாமல். “மேலேருந்து பாத்தா வெறும் கலங்கல்.”

கரையில் தூக்கி தன் முன்தகட்டை மண்ணில் ஆழமாகக் குத்தி ஊன்றிக்கொண்டு இழுத்தது என்று பின்னால் சொன்னார்கள். அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம், ஆற்றின் அடியே புரண்டு படுப்பதுபோல் ஒரு நீண்ட முனகல்தான். வண்டி பின்னோக்கி நகர்ந்தது. பச்சை மஞ்சளாகி, நுரையாகி, வெயிலாகிக் கண்ணைக் கூசவைத்தது. மச்சான் அவன் தோளிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

இன்ஜினியரம்மா முழங்கால் சேற்றில் நின்றிருந்தார். “ரெண்டு பேரும் இருக்கீங்களா?” என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேட்டார். புகைக்குழாயின் திறந்து மூடும் வாயில் ஒரு கற்றை நீர்ச்செடி சிக்கி அடைத்திருந்தது; அன்று மாலையே அதற்கு ஒரு வலைமூடியை வரைய உட்கார்ந்துவிட்டார். தூக்கி ஓட்டியவனுக்கு எல்லோரும் கை கொடுத்தார்கள். அவன் வெட்கப்பட்டு, எண்ணெய்க் கையைப் பின்னால் துடைத்துத் துடைத்து நீட்டினான்.

வீட்டில் எதையும் சொல்லக் கூடாது என்று பேசி வைத்துக்கொண்டுதான் இருவரும் சேர்ந்து போனார்கள். கதவைத் திறந்தவள் புருஷனைப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள்.

“ஒரு மாசமா ஆளுக்கொரு மூலையில உர்ருன்னு இருந்தீங்க. இன்னிக்கு ஜோடி போட்டுட்டு வர்றீங்க. என்ன ஆச்சு அங்க?”

மச்சான் சட்டென்று கூரையைப் பார்த்தார். அவன்தான் சொன்னான். இன்ஜின் நின்றதையும் சொன்னான்; மீனைப் பற்றி அதைவிட நிறையச் சொன்னான். அவள் திட்டவில்லை. வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு, செடிகள் எந்தப் பக்கம் சாய்ந்திருந்தன, வெயில் அவ்வளவு ஆழம் வருமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். பிறகு அண்ணனைப் பார்த்து, “நீ எதுக்குக் கீழ எறங்கின?” என்றாள். அவர் சாப்பாடு ஆகிவிட்டதா என்று கேட்டார்.

அடுத்த முறை மூன்றாம் மாடல் ஆற்றை ஒரே மூச்சில் கடந்தது. அவன்தான் ஓட்டினான்; ‘மாப்ள, முன்னே’ என்ற குரல் கேட்டுத்தான் ஓட்டினான். பச்சையைச் சரியாகப் பார்ப்பதற்குள் எதிர்க்கரை வந்துவிட்டது. எல்லோரும் கை தட்டினார்கள். மூடியைத் திறந்து தலையை வெளியே நீட்டிய அவனுக்கு, இன்னும் கொஞ்சம் மெதுவாக வந்திருக்கலாம் என்றிருந்தது.