கொஞ்சம் மேல தூக்கிப் பிடிங்க, அண்ணி

வெள்ளிக்கிழமைதோறும் ஜும்ஆ தொழுகை முடிந்ததும் சுஃபியாவின் கணவன் பரீத் சவூதியிலுள்ள தம்மாமிலிருந்து வீடியோவில் கூப்பிடுவான். சாப்பாடு ஆச்சா, வெயில் எப்படி, அத்தா மாத்திரை போட்டாங்களா? இம்புட்டுதான். அப்புறம் பேச்சு வற்றிவிடும். முகத்தை முகம் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதுவே சுஃபியாவுக்குப் போதும்தான். ஆனால் அவன் கொட்டாவி விட்டால் மட்டும், ஃபோனை வைக்கப் போகிறானோ என்று தோன்றும்.

அதற்காகத்தான் கோரிப்பாளையத்துக் கடையில் அந்தப் படச்சீட்டுக் கட்டை வாங்கினாள். ஒரு படத்தின் பெயர் எந்த எழுத்தில் முடிகிறதோ, அந்த எழுத்து வரிசையில் தொடங்கும் அடுத்த படத்தைச் சேர்க்க வேண்டும். அணிலுக்கு லாரி, லாரிக்கு ரயில். படத்துக்கு எந்தப் பெயரும் வைக்கலாம், பொருந்தினால் சரி.

டம்ளரில் ஃபோனைச் சாய்த்து வைத்து, சீட்டுகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினாள். பரீத் படுக்கையிலிருந்து எழுந்தே உட்கார்ந்துவிட்டான்.

"ரயிலுக்கு லட்டு. அதைப் போடு புள்ள."

அவன் சிரிப்பதைக் கேட்டு எத்தனை நாளாயிற்று. அந்தச் சிரிப்புக்குத்தான் அங்கே அவனோடு அறையில் தங்கியிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். முதலில் டி. கல்லுப்பட்டிக்காரன் அழகுபாண்டி. "என்ன அண்ணே, சீட்டாட்டமா?" பின்னால் இன்னும் இரண்டு தலைகள். கொஞ்ச நேரத்தில் அறையே திரண்டுவிட்டது. ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள், சண்டை போட்டார்கள், பரீத்தின் முதுகில் தட்டினார்கள்.

"அண்ணி, கொஞ்சம் மேல தூக்கிப் பிடிங்க. வெளிச்சத்துல கூசுது."

தூக்கிப் பிடித்தாள். தோள் கடுத்தது. ராட்டினம் வந்தபோது ஆட்டம் நின்றது. 'ம'வுக்கு எதுவும் சிக்கவில்லை. அவள் கையிலிருந்த சீட்டில், விரல்நுனி சிவந்த ஒரு பெண்ணின் கை.

"கை வராதுல்ல. அடுத்தத எடுங்க அண்ணி."

"மருதாணி," என்றாள் சுஃபியா.

அந்தக் கூச்சலில் யார் காதிலும் விழவில்லை. இன்னொரு முறை சொல்ல அவளுக்குக் கூச்சமாக இருந்தது. சீட்டைக் கீழே வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

அடுத்த வாரமும் அதேதான். அதற்கடுத்த வாரம், பக்கத்துத் தெரு முஜிபுர் ரஹ்மான் லீவு முடிந்து தம்மாமுக்குக் கிளம்பினார். நார்த்தங்காய் ஊறுகாயோடு சீட்டுக்கட்டையும் கொடுத்தனுப்பினாள்.

"உங்களுக்கு வேணாமாம்மா?" என்றார் அவர்.

"அவங்கதான் கும்பலா இருக்காங்க அண்ணே."

வெள்ளிக்கிழமை ஃபோன் தாமதமாக வந்தது. திரையில் பரீத்தின் கன்னம் மட்டும் தெரிந்தது. "புள்ள, உன் சீட்டு செம ஹிட்டு. பாதி ஆட்டத்துல இருக்கேன், அப்புறமா கூப்பிடுறேன்." பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள். அவன் சிரித்துக்கொண்டே திரும்பினான். இணைப்பு அறுந்தது.

சந்தோஷமாகத்தான் இருக்கிறான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மாமனாருக்குச் சோறு போட்டாள். பிறகு தன் தட்டை எடுத்துக்கொண்டு, வண்டிச் சத்தம் கேட்கும் ஜன்னல் பக்கமாகப் போய் உட்கார்ந்து சாப்பிட்டாள்.